நுரையீரலுக்கு வந்த யானைக்கால் புழு

மதனப்பள்ளிக்கு அருகில் ஆரோக்கியவரம் என்று ஓர் இடம் இருக்கிறது. இன்று ஆந்திரத்தைச் சேர்ந்தது. 1940இல் சென்னை மாகாணத்துச் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. வறண்ட காற்று வீசும் மேட்டு நிலம் என்பதால் கிறித்தவ மிஷன்கள் ஒன்றுசேர்ந்து அங்கே ஒரு காசநோய் சானடோரியத்தைக் கட்டியிருந்தன. டிபிக்கு மருந்தே இல்லாத காலம் அது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943இல்தான். ஓய்வு, நல்ல சாப்பாடு, சுத்தமான காற்று, நோய் முற்றிய சிலருக்கு நுரையீரலைச் சுருங்க வைக்கும் சிகிச்சை. இவற்றோடு மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் நோயாளிகள் அங்கே கிடந்தார்கள்.

அந்த சானடோரியத்தின் தலைமை மருத்துவர் டென்மார்க்கைச் சேர்ந்த கிறிஸ்டியன் ஃபிரிமோட் மோலர். அவரும் உடன் பணியாற்றிய பார்ட்டனும் தங்களிடம் வந்த நோயாளிகளில் ஒரு சாராரிடம் விசித்திரமான ஒன்றைக் கவனித்தார்கள். இருமல், லேசான காய்ச்சல், எடைக் குறைவு, எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் பொடிப்பொடியான நிழல்கள். வெளியூர் மருத்துவர்கள் டிபி என்று எழுதித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் சளியை எத்தனை முறை சோதித்தாலும் டிபி கிருமி தென்படவில்லை. நோய் முற்றி ஆளை உருக்கும் வழக்கமான போக்கும் இல்லை. ரத்தத்தைப் பார்த்தபோது ஈசினோபில் என்ற ஒரு வகை வெள்ளணு அளவுக்கு மீறிப் பெருகியிருந்தது. காசநோய் போலத் தோன்றி, ஈசினோபில் பெருக்கத்தோடு வரும் வேறொரு நோய் இது என்று 1940இல் இந்தியன் மெடிக்கல் கெஸட் இதழில் அவர்கள் எழுதினார்கள். நோய்க்குக் காரணம் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. இது டிபி கிடையாது என்பதை மட்டும் சரியாகச் சொன்னார்கள். ஆயுளில் பாதியை சானடோரியத்தில் கழிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்து வந்த ஒருவருக்கு அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரியது என்று எண்ணிப் பார்க்கலாம்.

மருத்துவ நூல்களில் இந்த நோய்க்கு டிராபிகல் பல்மனரி ஈசினோபீலியா என்று பெயர். வழக்கில் டிராபிகல் ஈசினோபீலியா. டிபியாகத் தோன்றுவது இதன் ஒரு முகம். இன்னும் அதிகமாக ஏமாற்றும் முகம் ஆஸ்துமா.

இரவு பத்து மணிக்குப் படுத்தவர் ஒரு மணி, இரண்டு மணிக்கு இருமிக்கொண்டே எழுந்து உட்கார்வார். வறட்டு இருமல். அடுக்கடுக்காக வரும், நிற்காது. தலையணையை மடியில் வைத்துக் குனிந்து இருமி இருமி விலா வலிக்கும். சிலருக்கு வாந்தி வந்த பிறகுதான் அடங்கும். கொஞ்சம் வழவழப்பான சளி வெளியே வரும். மூச்சை விடும்போது விசில் சத்தம் பக்கத்தில் படுத்திருப்பவருக்கே கேட்கும். விடியற்காலை ஐந்து மணிக்கு மேல் ஓரளவு தணிந்துவிடும். பகலில் எழுந்து வேலைக்கும் போய்விடுவார். வாரங்கள் போகும். சாப்பாடு இறங்காது, பேன்ட் இடுப்பில் தளரும், மாலையில் உடம்பு லேசாகச் சுடும். பெரும்பாலும் பதினைந்திலிருந்து நாற்பது வயதுக்குள் இருப்பவர்கள். பெண்களைவிட ஆண்கள் நான்கு மடங்கு அதிகம்.

இதைக் கேட்கும் எந்த மருத்துவருக்கும் முதலில் ஆஸ்துமாதான் நினைவுக்கு வரும். அது நியாயமும்கூட. ஆஸ்துமாவும் பின்னிரவில்தான் அதிகமாகும். அதிலும் வீசிங் என்ற அந்த விசில் சத்தம் உண்டு. நம் ஊரில் அதுதான் பரவலான நோய். இன்ஹேலர் கொடுத்தால் மூச்சுக்குழாய் கொஞ்சம் விரிந்து நோயாளிக்கு இதமாகவும் இருக்கும். அந்த இதமே தவறான முடிவை உறுதியாக்கிவிடுகிறது. ஆஸ்துமா வழக்கமாகக் காய்ச்சல் தருவதில்லை, எடையைக் குறைப்பதில்லை. இளைப்பு என்று வந்து உட்காருகிறவரிடம் எடை குறைந்திருக்கிறதா என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. என் பார்வையில் இந்த நோய் பிடிபடாமல் நழுவும் முதல் இடம் அதுதான்.

எக்ஸ்ரே எடுத்தால் என்ன தெரியும் என்பதைப் பொறுத்து எந்தத் தவறு நடக்கும் என்பது மாறுகிறது. ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எக்ஸ்ரேயில் ஒன்றுமே இருக்காது. அவர்கள் ஆஸ்துமா நோயாளிகளாகத் தொடர்வார்கள். மற்றவர்களுக்கு நுரையீரலின் நடுப்பகுதியிலும் கீழ்ப்பகுதியிலும் தினையைத் தூவியது போல மெல்லிய புள்ளிகள் பரவியிருக்கும். டிபி கிருமி ரத்தத்தில் கலந்து நுரையீரல் முழுவதும் சிதறும் மிலியரி டிபியிலும் எக்ஸ்ரே ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மிலியரி டிபி உயிருக்கு ஆபத்தானது. சிகிச்சையைத் தள்ளிப்போட மருத்துவருக்குப் பயம் வருவது இயல்பு. இருமல், காய்ச்சல், எடைக் குறைவு, இந்த எக்ஸ்ரே எல்லாம் சேர்ந்தால் நான்கு மருந்துகளோடு ஆறு மாதச் சிகிச்சை தொடங்கிவிடுகிறது. தேவையில்லாத ஒருவர் அந்த மாத்திரைகளைச் சாப்பிட்டால் கல்லீரல் பாதிக்கப்படலாம். தெருவும் வீடும் வேலை பார்க்கும் இடமும் அவரைப் பார்க்கும் விதம் அன்றே மாறிவிடும். இருமல் மட்டும் நிற்காது.

இவ்வளவு குழப்பத்தையும் தீர்க்கும் சோதனை மிக எளிமையானது. அதை நிதானமாகச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் வைத்து, இன்னொரு தகட்டின் விளிம்பால் ஒரே இழுப்பில் மெல்லிய படலமாகப் பரப்புகிறார்கள். காற்றில் உலர்ந்ததும் அதன்மேல் லீஷ்மன் சாயத்தை ஊற்றி, இரண்டு நிமிடம் கழித்து நீர் சேர்த்து, சற்று நேரம் விட்டுக் கழுவுகிறார்கள். எண்ணெய்ச் சொட்டு வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் வெளிறிய இளஞ்சிவப்பில் சிவப்பணுக்கள் தெரியும். அவற்றுக்கிடையே அங்கொன்றும் இங்கொன்றுமாக வெள்ளணுக்கள். நியூட்ரோபிலின் உட்கரு மூன்று, நான்கு மடல்களாக மடிந்து ஊதா நிறத்தில் இருக்கும். ஈசினோபிலுக்குப் பெரும்பாலும் இரண்டே மடல்கள். அவற்றைச் சுற்றி ஆரஞ்சுச் சிவப்பில் பளபளக்கும் உருண்டைத் துகள்கள் அணுவை முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது. 1879இல் பால் எர்லிக் இந்த அணுவை இப்படிச் சாயமிட்டுத்தான் அடையாளம் காட்டினார். நலமாக இருப்பவரின் ரத்தத்தில் நூறு வெள்ளணுக்களை எண்ணினால் ஈசினோபில் நான்கைந்து இருக்கலாம். டிராபிகல் ஈசினோபீலியாவில் தகட்டை நகர்த்தும் இடமெல்லாம் ஆரஞ்சுத் துகள்கள்தான். நூற்றில் நாற்பது, ஐம்பது, சிலருக்கு அதற்கும் மேல்.

லேப் ரிப்போர்ட்டில் வரும் சதவீதத்தை மட்டும் பார்த்தால் போதாது. மொத்த வெள்ளணுக்களின் எண்ணிக்கையோடு பெருக்க வேண்டும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 18,000 வெள்ளணுக்கள், அதில் ஈசினோபில் 45 சதவீதம் என்றால் 8,100. சாதாரணமாக 500ஐத் தாண்டக் கூடாது. டிராபிகல் ஈசினோபீலியாவில் 3,000க்கு மேல் இருக்கும். இன்னொருவருக்கு மொத்தம் 6,000, ஈசினோபில் 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 600 மட்டுமே. ரிப்போர்ட்டில் பத்து என்ற எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தாலும் அது சாதாரண அலர்ஜியிலும் வரக்கூடிய அளவுதான். ஆப்சொல்யூட் ஈசினோபில் கவுன்ட் என்று ரிப்போர்ட்டில் தனி வரியாக வருவது இந்தப் பெருக்கலின் விடைதான்.

இனி, காரணம் பிடிபட்ட கதை. ஆரோக்கியவரத்து மருத்துவர்கள் எழுதி மூன்று ஆண்டுகள் கழித்து, 1943இல், வைன்கார்ட்டன் என்ற மருத்துவர் பம்பாய்ப் பக்கத்து நோயாளிகள் 81 பேரைப் பற்றி லான்செட் இதழில் எழுதினார். இரவில் இருமலும் இளைப்பும், எக்ஸ்ரேயில் புள்ளிகள், மலைக்க வைக்கும் ஈசினோபில் கணக்கு. டிராபிகல் ஈசினோபீலியா என்ற பெயர் அவர் வைத்ததுதான். மேகநோய்க்கு அன்று போட்டுக்கொண்டிருந்த ஆர்சனிக் கலந்த ஊசியைப் போட்டால் இந்த நோய் சட்டென்று அடங்குகிறது என்றும் அவர் கண்டார். ஏன் அடங்குகிறது என்பதற்கு அப்போது விளக்கம் இல்லை. ஆர்சனிக் ஊசி யானைக்கால் புழுவையும் கொல்லும் என்பது பின்னால் புரிந்தபோது, விடை எவ்வளவு காலமாகக் கண்ணெதிரே இருந்தது என்பதும் தெரிந்தது.

அந்த இடைக்காலத்தில் இலங்கையில் கார்ட்டர், வெட், டி ஆப்ரேரா ஆகிய மூவர் நோயாளிகளின் சளியில் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகளைக் கண்டார்கள். தானியங்களிலும் தூசியிலும் வாழும் அந்த உண்ணிகள் மூச்சோடு உள்ளே போய் நோயை உண்டாக்கலாம் என்று 1944இல் எழுதினார்கள். உழைத்துச் செய்த ஆய்வு, முடிவு தவறிப்போனது. இன்னொரு பக்கம், டச்சுக்காரர்கள் ஆண்ட இந்தோனேசியாவில் மேயர்ஸ், கோவெனார் இருவரும் 1939இலேயே ஈசினோபில் பெருகிய நோயாளிகளின் நிணநீர்க் கட்டிகளுக்குள் யானைக்கால் புழுவின் குஞ்சுகளைப் பார்த்திருந்தார்கள். டச்சு மொழியில் எழுதியதாலும் போர் மூண்டதாலும் இந்தியாவில் அது உரிய கவனம் பெறவில்லை.

முடிச்சை அவிழ்த்தது ஒரு மருந்து. டைஎதில்கார்பமசின். 1947இல் நியூயார்க் மாநிலத்தின் லெடர்லி ஆய்வுக்கூடத்திலிருந்து அது வந்தது. அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை தாங்கியவர் எல்லாபிரகட சுப்பாராவ். 1895இல் பீமவரத்தில் பிறந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். வெப்பமண்டல நோய் ஒன்றுக்கு இரண்டு சகோதரர்களைப் பறிகொடுத்தவர். யானைக்கால் புழுவை அழிக்கும் மருந்து தன் கூடத்திலிருந்து வெளிவந்த அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார். அந்த மாத்திரை ஹெட்ரசான், பானோசைட் என்ற பெயர்களில் நம் மருந்துக் கடைகளுக்கு வந்து இரண்டு தலைமுறைக்குப் பழக்கமானது.

1950களில் இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் இதை டிராபிகல் ஈசினோபீலியா நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இருமல் நாட்களில் அடங்கியது. சிங்கப்பூரில் இதை ஒழுங்காக ஆராய்ந்தவர் தனராஜ். பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் முதல் தலைவரானவர். இந்த நோயாளிகளின் ரத்தத்தில் யானைக்கால் இனப் புழுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் மிகுந்திருப்பதையும் அவர் காட்டினார். ஆனாலும் நோயாளியின் ரத்தத்தை நள்ளிரவில் எடுத்துப் பார்த்தாலும் புழுக்குஞ்சு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. புழுவே இல்லாமல் புழு நோயா என்று கேட்டவர்களுக்குப் பதில் வேலூரிலிருந்து வந்தது. 1960இல் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் வெப், ஜாப், கால்ட் மூவரும் நோயாளிகளின் நுரையீரல், கல்லீரல், நிணநீர்க் கட்டிகளிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமிட்டுப் பார்த்தார்கள். ஈசினோபில்கள் திரண்டு கிடந்த முடிச்சுகளுக்கு நடுவே, சிதைந்த நிலையில், புழுக்குஞ்சுகள் கிடந்தன. ரத்தத்தில் தேடியபோது கிடைக்காதவை அங்கே மாட்டிக்கொண்டிருந்தன.

அவை ஏன் அங்கே போய் மாட்டுகின்றன என்பதைப் புரிந்துகொள்ளப் புழுவின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். உச்சரேரியா பான்கிராஃப்டி என்பது நம் பகுதி யானைக்கால் புழு. சாக்கடையில் பெருகும் கியூலெக்ஸ் கொசு கடிக்கும்போது இந்த யானைக்கால் புழுவின் இளம்புழு தோல் வழியே நுழைகிறது. நிணநீர்க் குழாய்களில் குடியேறி நூல் போன்ற புழுவாகி வருடக்கணக்கில் வாழ்கிறது. பெண்புழு இடும் குஞ்சுகள் கால் மில்லிமீட்டர் நீளமே இருக்கும். அவை ரத்தத்தில் மிதக்கின்றன. பகலெல்லாம் நுரையீரலின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் தங்கிவிட்டு, கொசு கடிக்கும் இரவு நேரத்தில் தோலுக்கு அடியிலுள்ள குழாய்களுக்கு வருகின்றன. யானைக்கால் தடுப்புப் பணியாளர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வீடு வீடாக வந்து விரலில் ரத்தம் எடுத்துப் போனதைக் கும்பகோணம், காஞ்சிபுரம், கடலூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். பகலில் எடுத்தால் பலன் இல்லை.

புழு புகுந்த பெரும்பாலானவர்களின் உடம்பு அந்தக் குஞ்சுகளோடு ஒருவித உடன்பாட்டுக்கு வந்துவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி அடங்கிப்போய், ரத்தத்தில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் திரிந்தாலும் ஒன்றும் தெரியாமல் இருப்பார்கள். நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்களிடம் நடப்பது நேர்மாறானது. அவர்கள் உடம்பு ஒரு குஞ்சையும் விடுவதில்லை. ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள் ஏராளமாகச் சுரக்கிறது. பகலில் நுரையீரலுக்கு வந்து தங்கும் குஞ்சுகளை ஈசினோபில்கள் சூழ்ந்து தம் துகள்களைக் கொட்டிக் கொன்றுவிடுகின்றன. அதனால்தான் ரத்தத்தில் ஒன்றுமே மிச்சமில்லை. புழுவின் தோலைத் துளைக்கவென்றே அமைந்த புரதங்கள் அந்தத் துகள்களில் இருக்கின்றன. அவை நுரையீரலின் மென்மையான சுவரையும் மூச்சுக்குழாயின் உட்படலத்தையும் சேர்த்துப் புண்ணாக்குகின்றன. அந்தப் புண்தான் இருமலாகவும் வீசிங்காகவும் வெளியே கேட்கிறது. இவர்களில் பெரும்பாலோருக்குக் காலில் வீக்கம் இருக்காது என்பதால் நோயாளிக்கோ மருத்துவருக்கோ யானைக்கால் என்ற எண்ணமே வருவதில்லை.

சென்னை சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். டிபிக்கு வீட்டிலிருந்தே சிகிச்சை பெறலாம், சானடோரியத்தில் கிடக்கத் தேவையில்லை என்று உலகுக்குக் காட்டிய இடம். 1980களில் அங்கே விஜயன் என்ற மருத்துவரும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்களும் டிராபிகல் ஈசினோபீலியா நோயாளிகளின் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று நேரடியாகப் பார்த்தார்கள். மெல்லிய குழாயை மூச்சுக்குழாய் வழியே இறக்கி, உப்பு நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு உடனே உறிஞ்சி எடுத்தார்கள். நலமான நுரையீரலைக் கழுவிய நீரில் ஈசினோபில் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. இவர்களிடம் ஏறக்குறைய பாதி அணுக்கள் ஈசினோபில்களாக இருந்தன. டைஎதில்கார்பமசின் தொடங்கி இரண்டு வாரங்களுக்குள் அந்த எண்ணிக்கை சரிந்தது.

அதே குழுவினர் தொடர்ந்து செய்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். மூன்று வார மாத்திரைக்குப் பிறகு இருமல் நின்று, நோயாளி நலமாகிவிட்டதாக நினைத்துப் போன பிறகும், சிலரது நுரையீரலின் ஆழத்தில் அழற்சி மெல்லக் கனன்றுகொண்டே இருந்தது. பல மாதங்கள் அல்லது வருடங்கள் ஆஸ்துமா என்ற பெயரில் இந்த நோய் வளரவிடப்பட்டால் அழற்சி தழும்பாக மாறுகிறது. தழும்பு விழுந்த நுரையீரல் விரியாது, ஆக்சிஜனைச் சரியாகக் கடத்தாது. அதைத் திருப்ப மருந்து இல்லை. முதல் சில மாதங்களில் 21 நாள் மாத்திரையில் அடங்கும் ஒரு நோய், பத்து வருடம் கழித்து மாடிப்படி ஏற முடியாத மனிதராக ஒருவரை ஆக்கிவிடுகிறது.

சிகிச்சை எளிதானது. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 6 மில்லிகிராம், 21 நாட்கள். அறுபது கிலோ எடையுள்ளவருக்கு 360 மில்லிகிராம், மூன்று வேளையாகப் பிரித்து. முதல் வாரத்திலேயே பலருக்கு இரவுத் தூக்கம் திரும்பும். சிலருக்குச் சில ஆண்டுகளில் மறுபடியும் வரும். மறுபடியும் மருந்து கொடுக்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கு இந்த மருந்தைக் கொடுப்பதில்லை. ஆப்பிரிக்காவில் வேறு சில புழு நோய்கள் இருப்பவர்களுக்கு இது கடுமையான விளைவுகளைத் தரும். கடையில் நேராகக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரையல்ல.

ஒரு காலத்தில் நம்மிடையே எதிர்த்திசைத் தவறும் இருந்தது. தும்மினால், மூக்கு ஒழுகினால், தூசி ஆகாவிட்டால் எனக்கு ஈஸ்னோபீலியா என்று சொல்லிக்கொள்வது தமிழ் வீடுகளில் வெகு சாதாரணம். ஈசினோபில் எட்டு, பத்து சதவீதம் இருந்தவர்களுக்கெல்லாம் ஹெட்ரசான் எழுதப்பட்டது. பெருக்கிப் பார்க்காத பழக்கத்தின் விளைவு அது. அந்தச் சிகிச்சையில் பலன் தெரியாமல் போனதும், அலர்ஜி பற்றிய அறிவு பரவியதும், மருத்துவர்கள் மறு கோடிக்குப் போய்விட்டார்கள். இன்று இளைப்பு என்றால் இன்ஹேலர், அடங்காவிட்டால் பிரெட்னிசோலோன். இந்த இரண்டாவது மாத்திரைதான் பெரிய சிக்கல். அது ஸ்டீராய்டு. கொடுத்ததும் ரத்தத்தில் ஈசினோபில் மறைந்துவிடும், இருமலும் சில வாரம் அடங்கும். அதற்குப் பின் ரத்தம் சோதித்தால் கணக்கு ஏமாற்றும். ஸ்டீராய்டு தொடங்குவதற்கு முன்பே ரத்தம் எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று இதற்காகவே மன்றாடிக் கேட்கத் தோன்றுகிறது.

அதைவிட அவசரமான காரணமும் உண்டு. ஸ்ட்ராங்கிலாய்டஸ் என்றொரு குடற்புழு வெறுங்காலின் தோல் வழியே ஏறி, நுரையீரலைக் கடந்து குடலுக்குப் போகும். அதுவும் வீசிங்கையும் ஈசினோபில் பெருக்கத்தையும் தரும். மற்ற பெரும்பாலான குடற்புழுக்களிடம் இல்லாத ஒரு திறமை அதற்கு இருக்கிறது. வெளியே போகாமலே ஒருவரின் உடம்புக்குள் மறுபடி மறுபடி பெருகிப் பல பத்தாண்டுகள் தங்கிவிடும். ஆஸ்துமா என்று நினைத்து அவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் அதுவரை அடங்கியிருந்த புழு கட்டுக்கடங்காமல் பெருகி உடம்பெங்கும் பரவும், உயிரே போகலாம். அதற்கு மருந்து ஐவர்மெக்டின். டைஎதில்கார்பமசின் அதற்கு ஆகாது.

சாதாரண உருண்டைப்புழுவின் இளம்புழுகூட நுரையீரல் வழியாகத்தான் பயணம் செய்கிறது. 1922இல் ஜப்பானிய மருத்துவர் கோயினோ அதன் முட்டைகள் இரண்டாயிரத்தை விழுங்கி, தன் சளியிலேயே இளம்புழுக்கள் வெளிவருவதைக் காட்டினார். அந்த இருமல் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும் என்பதால் பெரிய தொந்தரவு இல்லை.

மணிப்பூரின் நிலைமை வேறு. அங்கே ஓடைகளில் பிடித்த நண்டைச் சரியாக வேகவைக்காமல் உண்பவர்களுக்குப் பாராகோனிமஸ் என்ற தட்டைப்புழு வருகிறது. நத்தையில் வளர்ந்து, நண்டுக்குப் போய், மனிதக் குடலைத் துளைத்து நுரையீரலில் குடியேறும் புழு. மாதக்கணக்கில் இருமல், துருப்பிடித்த நிறத்தில் ரத்தம் கலந்த சளி, எக்ஸ்ரேயில் குழி. இதைவிட டிபி போன்ற தோற்றம் வேறு வேண்டுமா? 1980களில் அங்குள்ள மருத்துவர்கள் அடையாளம் காணும்வரை இப்படிப்பட்டவர்கள் டிபி மாத்திரைகளை வருடக்கணக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார்கள். சளியில் பொன்பழுப்பு நிறத்தில், மூடி வைத்த முட்டைகள் மைக்ராஸ்கோப்பில் தெரியும். தேட வேண்டும் என்று தோன்றினால் போதும். பிராசிகுவான்டெல் மாத்திரை மூன்று நாட்களில் குணமாக்கும்.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு டிபி சிகிச்சையைச் சந்தேகித்து நிறுத்திவிடக் கூடாது. உலகிலேயே டிபி நோயாளிகள் அதிகம் உள்ள நாடு நம்முடையது. எக்ஸ்ரேயில் நிழல் தெரியும் பெரும்பாலானோருக்கு இருப்பது உண்மையான டிபிதான். ஈசினோபில் கூடியிருப்பதால் டிபி இல்லை என்று ஆகிவிடாது. ஒருவருக்கே இரண்டும் சேர்ந்து வரலாம். கிருமியைக் கண்ணால் கண்டோ, சிபிநாட் போன்ற மரபணுச் சோதனையில் உறுதிசெய்தோ தொடங்கும் சிகிச்சைக்கும், எக்ஸ்ரேயை மட்டும் பார்த்துத் தொடங்கும் சிகிச்சைக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் இலவசமாகவே செய்கிறார்கள். சளியில் கிருமி கிடைக்காமல் மருந்து தொடங்க நேர்ந்தால் அந்த நோயாளியின் ஈசினோபில் கணக்கை ஒருமுறை திரும்பப் பார்ப்பதற்குச் செலவே இல்லை. பெரும்பாலும் அது ஏற்கெனவே ஃபைலுக்குள் இருக்கும்.

யானைக்கால் நோயை விரட்டுவதில் நம் பகுதி நல்ல தூரம் வந்திருக்கிறது. இலங்கை 2016இல் அதைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. தமிழ்நாட்டிலும் ஆண்டுதோறும் ஊர் ஊராக மாத்திரை கொடுத்ததன் பலனாகப் புதிய வீக்கங்கள் அருகிவிட்டன. அதனால் இன்றைய இளம் மருத்துவர்களில் பலர் டிராபிகல் ஈசினோபீலியாவைப் பாடப்புத்தகத்தில் மட்டுமே பார்த்திருப்பார்கள். ஆனால் பீகார், ஜார்க்கண்ட், உத்தரப்பிரதேசம், ஒடிசா மாநிலங்களில் பல மாவட்டங்களில் இன்னும் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நாடு முழுவதும் ஒழிக்க 2027 இலக்காக வைக்கப்பட்டிருக்கிறது. அந்த மாவட்டங்களிலிருந்து வந்த இளைஞர்கள் திருப்பூர்ப் பின்னலாடைக் கம்பெனிகளிலும் சென்னையின் கட்டுமானத் தளங்களிலும் வேலை செய்கிறார்கள்.

அவர்களில் ஒருவர் இருமலோடு வந்தால் பஞ்சுத் தூசி, சிமென்ட் தூசி என்று சொல்லிவிடுவது எளிது. பஞ்சாலை இளைப்பு வார விடுமுறைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மோசமாகி, வாரம் போகப்போகத் தணியும். சிமென்ட் தூசியால் வரும் இருமல் வேலை நேரத்தில் அதிகம். நடு இரவில் எழுப்பி, எடையையும் குறைக்கும் இருமல் இவை இரண்டிலும் சேராது. எந்த மாவட்டம், இரவில் எத்தனை மணிக்கு இருமல் வருகிறது, சட்டை தளர்ந்திருக்கிறதா என்று மூன்று கேள்விகள் கேட்க மொழி தடையாக இருந்தால், உடன் தங்கியிருக்கும் ஒருவரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். அவர் அறையிலேயே பத்துப் பேர் படுத்திருப்பார்கள். அந்த இருமலை இரவெல்லாம் கேட்டவர்கள் அவர்கள்தான்.